வண்டியைத் திருப்பியது யார்?

ஓடிக்கொண்டிருக்கும் காரைத் திருப்புவது எளிது. நின்ற இடத்திலேயே முன்சக்கரங்களைத் திருப்புவதுதான் ஸ்டியரிங்குக்கு வரும் மிகக் கடினமான வேலை. டயர் தரையை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு சிறிய காரில் ரேக் என்கிற பல்தண்டைப் பக்கவாட்டில் தள்ள 6000 நியூட்டன் விசை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வீலை ஒரு முழுச் சுற்று சுற்றினால் ரேக் 48 மில்லிமீட்டர் நகரும் என்றும் கொள்வோம். கணக்குப் போட்டால் வீலில் ஏறத்தாழ 46 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தேவைப்படும். விளிம்பைப் பிடித்து இழுக்கும் கைக்கு அது 25 கிலோ எடையைத் தூக்குவதற்குச் சமம். ஆனால் ஓட்டுபவர் தருவது மூன்று நான்கு நியூட்டன் மீட்டர்தான். ஒரு கையே போதும். மீதி முழுவதையும் தருவது டாஷ்போர்டுக்கு அடியில், ஸ்டியரிங் தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு மின்மோட்டார். பத்தில் ஒன்பது பங்கு அதனுடையது. இருந்தும் வண்டியைத் திருப்பியவர் யார் என்று கேட்டால் எவரும் மோட்டாரைக் காட்டுவதில்லை; ஓட்டியவரைத்தான் காட்டுகிறார்கள். காவல்துறையும் நீதிமன்றமும்கூட அப்படித்தான். இது வெறும் பேச்சு வழக்கமா, அல்லது இதில் உண்மை இருக்கிறதா என்பது பொறியியல் கேள்வி மட்டுமல்ல. தன் சக்திக்குப் பல மடங்கு மேலான ஒரு துணையோடு செய்யப்படும் செயலுக்கு உரியவர் யார் என்பது நம் மதங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விவாதித்து வரும் கேள்வி.

அந்த விவாதத்தில் பல கட்சிகள் உண்டு. சாங்கியத்தைக் கேட்டால், செய்வதெல்லாம் பிரகிருதி, புருஷன் வெறும் சாட்சி என்று சொல்லிவிடும். அந்தக் கணக்கில் ஓட்டுபவர் கண்ணாடி வழியே வேடிக்கை பார்ப்பவர். நியாய மரபு விசையைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. எதைக் கொண்டு செய்கிறோம் என்ற அறிவு, செய்ய வேண்டும் என்ற விருப்பம், அதற்கான முயற்சி ஆகிய மூன்றும் யாரிடம் இருக்கிறதோ அவரே கர்த்தா என்கிறது. கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் ஒரு செயலுக்கு ஐந்து காரணங்களை அடுக்கி, தன்னை மட்டுமே கர்த்தாவாக நினைப்பவன் சரியாகப் பார்க்கவில்லை என்ற பொருளில் பேசுகிறது. எனக்கு இவற்றில் மிகக் கூர்மையாகப் படுவது பிரம்மசூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம், மூன்றாம் பாதத்தில் ராமானுஜர் எடுக்கும் நிலை. (அவர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில்தான் இன்று கார்கள் ஆயிரக்கணக்கில் உருவாகின்றன, தற்செயல்தான், ஆனால் இந்தக் கட்டுரைக்கு வசதியான தற்செயல்.) உயிரின் செயலாற்றல் பரமாத்மாவிடமிருந்தே வருகிறது என்று சூத்திரம் முதலில் சொல்கிறது. அப்படியானால் இதைச் செய், அதைச் செய்யாதே என்ற விதிகளும் விலக்குகளும் எதற்கு என்ற கேள்வி உடனே எழுகிறது. ராமானுஜரின் விடை இது: உயிர் முதலில் எடுக்கும் முயற்சியைப் பார்த்தே இறைவன் அனுமதி தந்து செயலை நடத்துகிறான். இருவருக்குப் பொதுவான சொத்தை ஒருவர் மூன்றாமவருக்குக் கொடுக்க வேண்டுமானால் மற்றவரின் சம்மதம் வேண்டும். ஆனால் சம்மதத்தைக் கேட்டு வாங்கிக் கொடுத்தவருக்குத்தான் அதன் பலன் சேரும் என்று அதற்கு ஓர் உதாரணமும் தருகிறார். சம்மதம் இல்லாமல் கொடுக்க முடியாது. அதனால் சம்மதித்தவர் கொடுத்தவர் ஆகிவிட மாட்டார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒரு விதி. விசையைத் தந்தவர் அல்ல, யாருடைய முயற்சிக்கு விடையாக அந்த விசை வந்ததோ அவரே செயலுக்கு உரியவர். ஆனால் இதோடு ஒரு நிபந்தனையையும் சேர்க்க வேண்டும் என்பது என் வாதம்: எதிரே இருக்கும் தடை முயல்பவரின் கைக்கு எட்ட வேண்டும். தடையை மறைத்துவிடும் துணை, செயலை எளிதாக்குவதோடு நிற்பதில்லை. செய்பவரையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது. இந்த நிபந்தனை எவ்வளவு கறாரானது என்பதை சாத்திரங்களைவிட, ஸ்டியரிங் மோட்டாரைச் சிறியதாக்கப் பாடுபடுபவர்களின் வேலை தெளிவாகக் காட்டுகிறது.

முதலில் முயற்சி. ஸ்டியரிங் தண்டு ஒரே இரும்பு அல்ல. மேல்பாதி, கீழ்ப்பாதி என இரண்டு. இரண்டையும் இணைப்பது டார்ஷன் பார் என்னும், விரலைவிட மெல்லிய ஓர் எஃகுத் தண்டு. கை வீலைத் திருப்பும்போது டயர் எதிர்க்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட அந்தத் தண்டு ஒரு டிகிரி, இரண்டு டிகிரி முறுகுகிறது. அந்த முறுகலை சென்சார் அளக்கிறது. வண்டியின் வேகத்தையும் சேர்த்துப் பார்த்து மோட்டாருக்கு எத்தனை ஆம்பியர் தரலாம் என்று கணினி தீர்மானிக்கிறது. நொடியில் ஆயிரம் தடவைக்குக் குறையாமல் இது நடந்துகொண்டே இருக்கும். கை எடுக்காத முயற்சிக்கு இந்த அடிப்படை அமைப்பில் மோட்டார் எதுவும் தராது. முயற்சியை எதிர்பார்த்துத் துணை என்ற கோட்பாட்டுக்கு இதைவிட நேரான பொறியியல் வடிவம் இருக்க முடியாது. கோட்பாடு மின்மோட்டாரோடு பிறந்ததும் இல்லை. பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1926இல் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் துணையைக் காரில் பொருத்திக் காட்டினார். 1951இல் கிரைஸ்லரின் இம்பீரியல் கார் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1988இல் ஜப்பானில் சுசுகி செர்வோ என்ற சிறு கார் எண்ணெயை விட்டு மின்மோட்டாருக்கு வந்தது. எஞ்சின் ஓடும்வரை தானும் ஓடிக்கொண்டிருந்த பம்ப் போய், தேவைப்படும்போது மட்டும் மின்சாரம் எடுக்கும் மோட்டார் வந்ததால் எரிபொருள் மிச்சமானது. அதனால்தான் இன்று பெரும்பாலான கார்களில் அதுவே இருக்கிறது.

சிக்கல் சிறியதாக்குவதில் தொடங்குகிறது. டாஷ்போர்டுக்குக் கீழே ஓட்டுபவரின் முழங்கால் இருக்கிறது. விபத்தில் ஸ்டியரிங் தண்டு உள்வாங்கிச் சுருங்கவும் இடம் விட வேண்டும். மோட்டாரின் முறுக்குவிசை பெரும்பாலும் அதன் சுழலும் பாகமான ரோட்டாரின் கனஅளவைப் பொறுத்தது. நாற்பது நியூட்டன் மீட்டரை நேரடியாகத் தரும் மோட்டாரை அந்த இடுக்கில் நுழைக்கவே முடியாது. எனவே இரண்டு மூன்று நியூட்டன் மீட்டர் மட்டும் தரும் சிறு மோட்டாரை வேகமாகச் சுழலவிட்டு, வார்ம் கியர் வழியாகப் பதினெட்டு மடங்கு போலப் பெருக்கிக்கொள்கிறார்கள். 1980களில் வந்த நியோடிமியம் காந்தங்கள் இந்தச் சிறுமையைச் சாத்தியமாக்கின. கியரின் பெரிய சக்கரத்துக்கு நைலான் பற்கள் வைத்துச் சத்தத்தை அடக்கினார்கள். கட்டுப்பாட்டுச் சுற்றை மோட்டாரின் முதுகிலேயே ஒட்டவைத்தார்கள். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலிருந்து ஐம்பது அறுபது ஆம்பியர் பாயும்போது வரும் சூட்டையும் அந்தச் சிறு உடம்பே தாங்க வேண்டும். இதெல்லாம் வெற்றிதான். ஆனால் ஒரு விலை உண்டு. கியர் முறுக்குவிசையைப் பதினெட்டு மடங்காக்குகிறது என்றால், ரோட்டாரின் நிலைமத்தை, அதாவது அசைய மறுக்கும் குணத்தை, பதினெட்டின் வர்க்கமாக, 324 மடங்காக ஆக்கி வீலுக்கு அனுப்புகிறது. உள்ளங்கையில் அடங்கும் ரோட்டார், கைக்கு ஸ்டியரிங் வீலுக்கு ஈடான இன்னொரு சக்கரமாகத் தோன்றும். மோட்டாருக்குள் காந்தமும் இரும்புப் பற்களும் ஒன்றையொன்று இழுப்பதால் வரும் சிறு தடுக்கலும் பதினெட்டு மடங்காகிறது: மோட்டாரில் 0.02 நியூட்டன் மீட்டர் என்றால் வீலில் 0.36. நேர்ச்சாலையில் கை தருவதே ஒரு நியூட்டன் மீட்டர் அளவுதான் என்னும்போது இது சின்ன விஷயமில்லை. துணை எவ்வளவு சிறியதாகிறதோ அவ்வளவு பாரமாக அது கையில் உட்கார்ந்துகொள்கிறது. சாலையின் குரல் வரவேண்டிய வழியில் துணையின் குரல் வந்து நிற்கிறது.

மின் ஸ்டியரிங்கின் தொடக்க காலத்தில் ஓட்டுபவர்கள் சொன்ன குறை இதுதான்: இலேசாக இருக்கிறது, ஆனால் ஒன்றும் தெரியவில்லை. அதைச் சரிசெய்யத்தான் அதன்பின் பாதி உழைப்பும் போனது. ரோட்டாரின் காந்தங்களைத் துண்டுகளாக்கி ஒவ்வொரு துண்டையும் சில டிகிரி தள்ளிப் பதித்தால் தடுக்கல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ரோட்டாரின் நிலைமத்தையும் கியரின் உராய்வையும் முன்கூட்டிக் கணக்கிட்டு, அவற்றை மட்டும் ஈடுகட்டும் அளவுக்கு மோட்டாருக்குத் தனியாக மின்சாரம் தருகிறார்கள். தன் பாரத்தைத் தானே சுமந்துகொண்டு ஒதுங்கி நிற்கும் துணை. கவனிக்க வேண்டியது இதுதான்: கைக்கு விசையே வேண்டாத அளவுக்குத் துணையைக் கூட்டுவது வடிவமைப்பாளர்களுக்குக் கடினமே அல்ல. ஆனாலும் கூட்டுவதில்லை. வண்டி வேகமெடுக்கும்போது துணையைக் குறைக்கிறார்கள். நேர்ச்சாலையில் நூறு கிலோமீட்டரில் போகும்போது வீல் கையை எதிர்க்க வேண்டும் என்று வேண்டுமென்றே வைக்கிறார்கள். எதிர்ப்பு இல்லாவிட்டால் எவ்வளவு திருப்பினோம் என்பது திருப்பியவருக்கே தெரியாது. நியாய மரபு சொல்லும் மூன்றில் அறிவு போய்விட்டால் முயற்சி வெறும் தசையசைவு. சைவ சித்தாந்தம் திரோதானம் என்று ஓர் அருட்செயலைச் சொல்கிறது. இறைவன் தன்னை மறைத்துக்கொண்டு உயிரை உலகில் ஈடுபடுத்தி, வினைப்பயனை அது தானே நுகர்ந்து பக்குவப்படச் செய்வதுதான் அது. மறைவது துணை, வினைப்பயன் மறைவதில்லை. இதே வேறுபாட்டைத்தான் நல்ல மோட்டாரும் காக்கிறது. தன்னை மறைக்கிறது, சாலையை மறைப்பதில்லை.

மோட்டாருக்கும் இறைவனுக்கும் என்ன ஒப்புமை என்று கேட்பவர்கள் சரியாகவே கேட்கிறார்கள். மோட்டாருக்கு விருப்பம் இல்லை. அது அனுமதி தருவதில்லை. கையில் இருக்கும் கோடாலிபோல் கருவி மட்டுமே என்று வாதிடலாம். ஆனால் கோடாலி தானாக விசை சேர்ப்பதில்லை. வெட்டுபவரின் விசையைக் கூர்முனைக்குக் கொண்டுபோகிறது. ஸ்டியரிங் மோட்டாரோ தன் சொந்த விசையைச் சேர்க்கிறது. எப்போது, எவ்வளவு என்று பார்த்துச் சேர்க்கிறது. கருவிக்கும் உடன்செய்பவருக்கும் நடுவிலான இந்த இடம் நமக்குப் புதிது. பழைய உதாரணங்களில் இதற்குப் பொருத்தமான பொருள் இல்லாததால்தான் ராமானுஜர் இரு மனிதர்களின் சொத்துக்குப் போனார் என்று தோன்றுகிறது. மோட்டாரை வைத்து இறைவன் உண்டு என்றோ இல்லை என்றோ நான் நிறுவ வரவில்லை. சார்ந்து செய்பவரும் செய்பவர்தானா என்ற கேள்விக்கு இறைவனைப் பற்றிய பேச்சில் கிடைத்த விடை, இறைவன் இல்லாத இடத்திலும் நிற்கிறதா என்று சோதிக்கிறேன். நிற்குமானால் அது நல்ல விடை.

இன்னொரு எதிர்வாதம் கடினமானது. பத்தில் ஒன்பது பங்கு வேறிடத்திலிருந்து வருகிறபோது நான் செய்தேன் என்ற உணர்வே மாயைதானே, ஆணவத்தின் வேலைதானே என்பது அது. உணர்வு எளிதில் ஏமாறும் என்பது உண்மை. 2002இல் பேட்ரிக் ஹேகார்டும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட சோதனையில், தானாக விரும்பிப் பட்டனை அழுத்தியவர்களுக்கு அழுத்தமும் அதன்பின் கேட்ட ஒலியும் காலத்தில் ஒன்றையொன்று நெருங்கிவந்ததுபோல் தோன்றின. மூளையைக் காந்தத்தால் தூண்டி அதே விரலை அசைத்தபோது அவை விலகிப்போனதுபோல் தோன்றின. ஆனால் இந்தச் சோதனை என் பக்கமே நிற்கிறது: விரலின் அசைவு இரண்டிலும் உண்டு, விருப்பம் ஒன்றில்தான் உண்டு, அந்த வேறுபாட்டை மனம் எப்படியோ பதிவு செய்கிறது. உணர்வை விட்டுவிட்டு நடப்பைப் பார்த்தாலும் விடை மாறாது. மோட்டார் செத்துவிட்டால் என்ன ஆகும்? ஐ.நா.வின் 79ஆம் ஒழுங்குமுறை, கார்களில் துணை வேலை செய்யும்போது கை 150 நியூட்டனுக்கு மேல் தர வேண்டியிருக்கக் கூடாது, பழுதானால் 300 நியூட்டனுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைக்கிறது. கடினமாகும், ஆனால் திருப்பலாம். கையை எடுத்துவிட்டால் மோட்டார் முழு ஆரோக்கியத்தோடு இருந்தும் ஒன்றும் செய்யாது. ஒன்பது பங்கு போனால் செயல் தளர்கிறது; ஒரு பங்கு போனால் செயலே இல்லை. வடிவமைப்பாளர்கள் இதை ஏற்றுக்கொண்டவர்களாகவே நடக்கிறார்கள். மோட்டாருக்குள் சுருள்களை இரண்டு தொகுதிகளாகப் பிரித்து, ஒன்று கெட்டால் பாதித் துணையாவது மிஞ்சும்படி செய்கிறார்கள். காந்த மோட்டாரின் சுருள்கள் ஷார்ட் ஆகிவிட்டால் அது மின்னாக்கியாக மாறி வீலைப் பிரேக்போலப் பிடித்துக்கொள்ளும். அதனால் அந்த இணைப்பை உடனே அறுத்துவிட ஒரு சுவிட்சும் உள்ளே உண்டு. சாகும் துணை, முயல்பவரின் வழியை மறித்துச் சாகக் கூடாது.

இதுவரை முயற்சிக்கு விடை சொல்லும் துணை. இப்போது பல கார்களில் அதே மோட்டார், கை முறுக்காமலே, கேமரா காட்டும் கோட்டைப் பார்த்து வண்டியைத் தடத்துக்குள் திருப்புகிறது. இங்கே ராமானுஜரின் வாதம் அப்படியே பொருந்தாது. அவருக்குப் பின்வந்த தமிழ் வைணவம் இரண்டாகப் பிரிந்தது இந்த இடத்தில்தான். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டிபோல் உயிரின் பக்கத்தில் சிறிதாவது ஒரு வியாஜம், அதாவது ஒரு சாக்கு, வேண்டும் என்பது வேதாந்த தேசிகர் வழி. பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல் அருளுக்குக் காரணமே வேண்டாம் என்பது பிள்ளை லோகாசாரியர் வழி. இரண்டும் உள்ளுக்குள் முரணில்லாதவை. எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் பூனை வழியில் பொறுப்பும் பூனையுடையதே. இன்றைய தடம் காக்கும் அமைப்புகள் பூனையாகக் கவ்விச் செல்கின்றன. விபத்து நடந்தால் மட்டும் குரங்குக் குட்டியைக் கூப்பிட்டு ஏன் பிடியை விட்டாய் என்று கேட்கின்றன. அதற்குச் சான்று வேண்டும் என்பதற்காக, ஓட்டுபவரின் கை வீலில் இருக்கிறதா என்று அதே டார்ஷன் பாரின் முறுகலை வைத்துச் சில கார்கள் பார்க்கின்றன. டெஸ்லா கார்களின் வீலில் மாட்டி அந்தச் சென்சாரை ஏமாற்ற ஒரு காந்த எடை சந்தைக்கு வந்தது. 2018 ஜூனில் அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் அதன் விற்பனையை நிறுத்தச் சொன்னது. தத்துவக்காரர்களுக்கு இந்த எடைக்கட்டி ஒரு பரிசு. முறுக்குவிசை இருக்கிறது, சென்சாரும் முயற்சி என்று ஏற்றுக்கொண்டது, ஆனால் அங்கே செய்பவர் யாரும் இல்லை. அறிவும் விருப்பமும் இல்லாத விசை முயற்சி ஆகாது என்று நியாய மரபினர் சொன்னதை ஓர் எடைக்கட்டி மெய்ப்பித்துவிட்டது.

கடைசியாக, கைக்கு வரும் எதிர்ப்பே செயற்கைதானே என்பவர்கள். இவர்கள் சொல்வதை எளிதில் தள்ள முடியாது. 1970இல் வந்த சிட்ரோவென் எஸ்எம் காரின் டிராவி ஸ்டியரிங்கில் சாலையின் அதிர்வு கைக்கு வராது. எண்ணெய் அழுத்தம் வேகத்துக்கேற்ப வீலை நடுவுக்கு இழுக்கும், அவ்வளவுதான். பழகிக்கொண்டவர்கள் அதை விரும்பவும் செய்தார்கள். 2013இல் இன்ஃபினிட்டி க்யூ50 கையையும் சக்கரத்தையும் கம்பி வழிச் சமிக்ஞையால் இணைத்து, இயந்திர இணைப்பை ஆபத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டது; 2023இல் விற்பனைக்கு வந்த டெஸ்லா சைபர்டிரக்கில் அந்த இணைப்பும் இல்லை. கீழே ரேக்கைத் தள்ள மோட்டார்கள், மேலே வீலை எதிர்த்துப் பிடிக்க இன்னொரு மோட்டார். இங்கே கை உணர்வதெல்லாம் மோட்டார் சொல்வதுதான். அப்படியானால் என் நிபந்தனை தோற்றுவிட்டதா? இல்லை, இடம் மாறியிருக்கிறது. நேரே உணரும் பிரத்தியட்சமாக இருந்தது, பிறர் சொல்லக் கேட்டு அறியும் சப்தப் பிரமாணமாகிவிட்டது. நம்பத்தகுந்தவர் சொல்லும் வார்த்தையும் அறிவுக்கு வழிதான் என்று நம் தர்க்க மரபு ஏற்கிறது. சொல்பவர் அறிந்தவராகவும் மறைக்காதவராகவும் இருக்க வேண்டும் என்பது மட்டுமே அதன் கறார். கீழ் மோட்டார் எடுக்கும் மின்சாரத்திலிருந்து ரேக்கின் விசையை ஓரளவு நன்றாகவே கணிக்கலாம், ஆகவே அறியும் வழி இருக்கிறது. மறைக்காமல் சொல்வதுதான் கேள்வி. முன்டயர் பிடி இழக்கப் போகும்போது, வண்டி சறுக்குவதற்குச் சற்று முன்பே, டயர் வீலை நடுவுக்கு இழுக்கும் விசை குறையும். கையில் வீல் இலேசாகும். மழைச் சாலையில் பழகிய ஓட்டுநர் கால் எடுப்பது அந்த இலேசை நம்பித்தான். ஸ்போர்ட் மோட் என்று பெயர் வைத்து வீலுக்குக் கூடுதல் கனம் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அது அலங்காரம். ஆனால் அந்த இலேசையும் கனத்தால் மூடிவிடும் ட்யூனிங் பொய்ச்சாட்சி. அப்படிப்பட்ட வண்டி ஈரத்தில் சறுக்கினால் ஓட்டியவரை மட்டும் குற்றவாளியாக நிறுத்துவது நியாயமாகாது. ட்யூனிங்குக்குக் கையெழுத்திட்டவரும் பக்கத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும்.